வீட்டுக்குத் திரும்பிய குதிரை

பிரிஜட் பஸ் ஓட்டுகிறவள். பூன் லே பஸ் நிலையத்தில் கிளம்பி, போன வழியே திரும்பி வருகிற பஸ். பன்னிரண்டு வருஷமாக அதே வேலை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டிரைவருக்கு இன்றைக்குப் புது யோசனை வந்துவிட்டது என்று பஸ் வேறு தெருவில் திரும்பினால் ஜனங்கள் சும்மா விடுவார்களா? ஆனால் செஸ் பலகை முன்னால் உட்கார்ந்தாலும் அவள் அப்படியேதான் ஓட்டினாள். வினையே அங்கேதான் இருந்தது.

வெள்ளைக் காய் கிடைத்தால் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவாள். அடுத்து குதிரை, அடுத்து பிஷப். முதல் எட்டு நகர்வுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். அவள் மட்டும் ஒப்பித்தால் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை லீக்கில் ஆடுகிற பத்து அணிகளும் ஒப்பித்தன. எதிராளிகள் முந்தின நாளே அந்த எட்டையும் கம்ப்யூட்டரில் போட்டு, ஒன்பதாவதில் அவளை எங்கே மடக்கலாம் என்று பார்த்துவிட்டு, ஆற அமரச் சாப்பிட்டு வந்து உட்காருவார்கள். அந்த சீசனில் வரிசையாக நான்கு ஆட்டம் தோற்றாள்.

அவள் ஆடிய ஃபேரர் பார்க் அணிக்கு கேப்டன் மாசிலாமணி. கொண்டோ என்கிற தனியார் அடுக்குமாடி ஒன்றில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். மனதில் எதையும் வைத்துக்கொள்ளாத மனிதர் என்று பேர். அதாவது, வாயில் வந்ததை அப்படியே கொட்டிவிடுவார். நான்காவது தோல்விக்குப் பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ தப்பா ஆடலம்மா. நீ என்ன ஆடுவேன்னு ஊருக்கே தெரியுது, அதான் பிரச்சினை. கடைசி மேட்ச் பொங்கோல்கூட. அதுலயும் தோத்தா, அடுத்த சீசன் உன் நாற்காலி ஸைஃபுக்கு."

ஸைஃப் அணியின் ரிசர்வ். வாரத்துக்கு ஒரு புது ஆட்டத் தொடக்கம் படித்துக்கொண்டு வந்து, கிடைத்தவர்களையெல்லாம் உட்காரவைத்து விளக்குவான். நல்ல பையன்தான். அன்றைக்கு அவனைப் பார்க்கவே பிரிஜட்டுக்குப் பிடிக்கவில்லை.

அணியில் நான்கு நாற்காலி. நாலாவது அவளுடையது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்காக நாற்பத்தாறு வயதுப் பெண் பஸ் ஓட்டும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருப்பாளா என்று கேட்டால், இருந்தாள். வண்டியில் ஏறினால் "இந்த பஸ் அங்க போகுமா" என்று கேட்பார்கள். வீட்டுக்குப் போனால் சட்டை எங்கே, சாவி எங்கே. தேவாலயத்துக்குப் போனால் பூ வாங்கியாச்சா, ஜெபமாலைக் கூட்டம் யார் வீட்டில். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மூன்று மணி நேரம் மட்டும் அவளிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அதை விட்டுக்கொடுக்க அவளால் முடியாது.

கடைசி மேட்சுக்கு ஆறு வாரம் இருந்தது. சரி, நானும் ஒரு புதுசைக் கண்டுபிடிக்கிறேன் என்று கிளம்பினாள். ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று கிளம்புவதற்குள் கிடைக்கிற பத்து நிமிஷத்தில், டிரைவர்கள் கேன்டீனில் பாலும் சர்க்கரையும் சேர்க்காத தே ஓ கோசோங் தேநீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உள்ளங்கை அகலக் காந்தப் பலகையை விரிப்பாள். தன் எட்டு நகர்வுகளையும் வைப்பாள். ஒன்பதாவதாக எல்லோரும் எதிர்பார்க்கிற நகர்வுக்குப் பதில் வேறு எதைத்தான் ஆடலாம் என்று ஒவ்வொரு காயாகத் தொட்டுப் பார்ப்பாள். தேநீர் ஆறிப்போகும். பத்தொன்பதாம் நாள் அவள் கை வலது ஓரத்தில் சும்மா நின்றிருந்த சிப்பாயின் மேல் போய் நின்றது. அதை இரண்டு கட்டம் தள்ளினாள். தள்ளிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அடுத்து யானை வெளியே வரும், ராணி வரும், எதிர் ராஜாவின் வீட்டு வாசலிலேயே கலவரம். இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்று அவளுக்கே ஆச்சரியம்.

ரகசியம் என்றால் அப்படி ஒரு ரகசியம். மாசிலாமணியிடம் சொல்லவில்லை, அணித்தோழி ரக்ஷனாவிடம் சொல்லவில்லை. கணவர் மரியஅந்தோணியிடம்கூட மூச்சுவிடவில்லை. அவர் ஏர்கான் பழுதுபார்க்கிறவர், தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறவர், குதிரை எப்படித் தாவும் என்றுகூடத் தெரியாதவர். அவரிடம் சொன்னால்கூடப் பாட்டுப் பயிற்சியில் வாய்தவறி வந்துவிடுமோ என்று பயந்தாள்.

ஆனால் கண்டுபிடித்ததை ஆடிப் பார்க்க வேண்டாமா? செல்பேசியில், இணையத்தில் முகம் தெரியாதவர்களோடு ஆடிப் பார்த்தாள். முதல் நாளே மூன்று பேரை வீழ்த்தினாள். கை சும்மா இருக்குமா? மூன்று வாரத்தில் முப்பது ஆட்டம் ஆகிவிட்டது. மற்றவர்கள் புலி, புயல், இருட்டுக் குதிரை என்று வாயில் வந்த பெயரை வைத்துக்கொண்டு ஆடுவார்கள். இவள் 'பிரிஜட் பூன் லே' என்ற பெயரில் ஆடினாள். பெயரை மறைத்து ஆடுவது திருட்டுத்தனம் என்பது அவள் எண்ணம். எவ்வளவு நேர்மை பாருங்கள். வீட்டுக்காரரிடம் மறைத்ததை, பெயரும் ஊரும் போட்டு உலகத்துக்கே தண்டோரா போட்டுவிட்டாள். அது அவளுக்குத் தெரியவே இல்லை.

கடைசி மேட்ச் ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, ஃபேரர் பார்க்கில் ஒரு சமூக மன்றத்தின் மாடியில். காலைப் பூசை முடிந்து, மரியஅந்தோணி நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பிவைக்க, பன்னிரண்டு மணிக்கே வந்து சேர்ந்தாள். ரக்ஷனா ஏற்கெனவே அங்கே பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தாள். பாலிடெக்னிக்கில் லேப் வேலை, அணியின் முதல் பலகையில் ஆடுகிறவள், கூர்மையான பெண். வாழையிலையில் ரசம் வந்த நேரத்தில் பிரிஜட்டுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. இன்னும் ஒன்றரை மணி நேரம்தான், இனி யாரிடம் போய் என்ன ஆகிவிடப்போகிறது என்று காந்தப் பலகையை எடுத்துத் தன் நகர்வைக் காட்டினாள்.

ரக்ஷனா முதலில் சிரித்தாள். நல்ல தைரியம் என்றாள். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து செல்பேசியில் செஸ் புரோகிராமைத் திறந்து நிலையைப் போட்டாள். சிரிப்பு நின்றுபோனது. கறுப்பு நடுவில் ஒரு சிப்பாயைத் தள்ளினால் போதும், நான்கே நகர்வில் வெள்ளையின் கதை முடிந்தது. பிரிஜட் ஓரத்தில் கலவரம் செய்யக் கிளம்பியிருக்கும்போது நடுவீட்டுக் கதவு திறந்து கிடந்தது. இணையத்தில் தோற்ற முப்பது பேருக்கும் அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

"இது யாருக்காவது தெரியுமாக்கா?"

யாருக்கும் தெரியாது, இணையத்தில் மட்டும் கொஞ்சம் ஆடிப் பார்த்தேன் என்றாள் பிரிஜட். என்ன பெயரில் என்று ரக்ஷனா கேட்டாள். பிரிஜட் சொன்னாள். ரக்ஷனா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பிரிஜட்டின் எதிராளி பொங்கோல் அணியின் ஸ்ரீநாத். தமிழ்நாட்டிலிருந்து வந்து பொங்கோலில் வீடு வாங்கிக் குடியேறிய ஐடிக்காரன். அவளை ஐந்து முறை வென்றவன். வேலையில் எப்படியோ, செஸ்ஸில் அவன் எதையும் ஆராயாமல் விடுகிறவன் இல்லை. மேட்சுக்கு முன்னால் எதிராளி இணையத்தில் ஆடிய ஆட்டம் ஒன்று விடாமல் இறக்கிப் படிப்பான். போன வருஷம் மாசிலாமணியை அப்படித்தான் பதினெட்டு நகர்வில் அனுப்பிவைத்தான். ஆக, பிரிஜட்டின் ரகசியமும் அவனிடம் இருக்கிறது, அதற்கான மருந்தும் அவனிடம் இருக்கிறது.

"போட மாட்டீங்கதானே?" என்றாள் ரக்ஷனா.

போடாவிட்டால் பழைய ஒன்பதாவது நகர்வு. அதற்கும் மருந்து அவனிடம் உண்டு, ஐந்து முறை கொடுத்திருக்கிறான்.  பிரிஜட் பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். ஆறு வாரத் தேநீரும் வீணாகிப்போனது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சாலையைக் கடக்கும்போது ஸைஃப் எதிரில் வந்து ஆல் தி பெஸ்ட் சொன்னான். அவன் மனசார சொன்னதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

இரண்டு மணிக்குக் கடிகாரங்கள் ஓடத் தொடங்கின. பிரிஜட் வேறு வழி தெரியாமல் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். ஸ்ரீநாத் வழக்கமாகத் தன் பக்கத்து அதே சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிப் பதில் சொல்லுவான், ஒரு விநாடிகூட எடுக்க மாட்டான். இன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு பலகையைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். நான்கு நிமிஷம் போனது. முதல் நகர்வுக்கு நான்கு நிமிஷம். பிறகு அந்தச் சிப்பாயை எடுத்து ஒரே ஒரு கட்டம் மட்டும் தள்ளிவைத்தான்.

பிரிஜட் திகைத்துப்போனாள். அவன் இதை ஆடி அவள் பார்த்ததே இல்லை. அந்த ஒரு கட்டத்தில் அவளுடைய எட்டு நகர்வுகளும் போயின, ஓரச் சிப்பாயும் போனது, அதைத் தீர்த்துக்கட்ட அவன் கொண்டுவந்த மருந்தும் போனது. இவன் ஏன் தன் கையிலிருந்த வெற்றியைக் கீழே போட்டான்? அதை யோசித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. தடம் தெரியாத சாலைக்கு வண்டி வந்துவிட்டது, ஓட்டித்தான் ஆகவேண்டும்.

ஓட்டினாள். இருவருடைய சிப்பாய்களும் நடுவில் முட்டிக்கொண்டு அசையாமல் நின்றன. பத்து நகர்வு முடிந்தபோது பலகை மாலை ஆறு மணிச் சாலை மாதிரி அடைத்துக்கிடந்தது. அவளுடைய ராணி வெளியே வர ஒரே வழி, அந்த வழியை மறித்துக்கொண்டு நின்றது அவளுடைய சொந்தக் குதிரை. முன்னால் தாவினால் அவன் சிப்பாய் விரட்டும். பக்கத்தில் போனால் மூலையில் மாட்டிக்கொள்ளும். மிச்சம் இருந்தது ஒரே இடம், குதிரை கிளம்பிய அதே கட்டம்.

அதைப் பார்த்ததும் முதலில் அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெளியே வந்த குதிரையைப் பதினொன்றாம் நகர்வில் திரும்ப லாயத்தில் கட்டினால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? செஸ் கற்றுக்கொடுக்கும்போது முதல் நாளே சொல்லுவார்கள், காயை வெளியே கொண்டுவா, வீட்டுக்கு அனுப்பாதே என்று. ஆனால் அவள் பன்னிரண்டு வருஷமாகப் போன வழியே திரும்பி வருகிறவள். திரும்பி வருவதில் நஷ்டம் ஒன்றுமில்லை, அடுத்த சுற்று அங்கிருந்துதான் கிளம்பும் என்பது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அந்த மாடியில் யாருக்குத் தெரியும்? குதிரை வீட்டுக்குப் போனால் ராணி வெளியே பாயும். ராணி போனபின் குதிரை வேறு வாசல் வழியாகக் கிளம்பும். ஒரு முறை பார்த்தாள். இரண்டாம் முறை பார்த்தாள். பதினாறு நிமிஷம் பார்த்தாள். பிறகு குதிரையைத் தூக்கி, அது புறப்பட்ட கட்டத்திலேயே வைத்துக் கடிகாரத்தை அழுத்தினாள்.

நின்று பார்த்துக்கொண்டிருந்த மாசிலாமணி மேலே சீலிங்கைப் பார்த்தார். அவர் மனசில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார் இல்லையா, முகத்திலும் அப்படித்தான். பேச்சுக்கு அனுமதி இருந்தால் அப்போதே நாற்காலியைத் தூக்கி ஸைஃபிடம் கொடுத்திருப்பார்.

ஸ்ரீநாத் சிரிக்கவில்லை. இருபத்தைந்து நிமிஷம் யோசித்தான். காது சிவந்தது. கடைசியில் தன் குதிரையை நகர்த்திவிட்டு, கடிகாரத்தை அழுத்துவதற்கு முன்னால் மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, டிரா?"

சமநிலை. ஆளுக்கு அரைப் புள்ளி. தோற்கக்கூடாது என்பதுதானே மாசிலாமணியின் நிபந்தனை? தலையை ஆட்டினால் போதும், நாற்காலி அவளுக்கு. எழுந்துபோய்க் குளிர்ந்த தண்ணீர் குடிக்கலாம், சாயங்காலம் வீட்டுக்காரரோடு நிம்மதியாகச் சாப்பிடலாம். கை நீளத்தான் பார்த்தது. இதை விட்டுவிட்டுப் பிறகு தோற்றால் தன்னைப்போல முட்டாள் யாரும் இருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் அவன் காது சிவந்திருந்ததையும் அவள் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் ஆடிய ஒரு நகர்வைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. இப்போது ஒருவன் பயந்திருக்கிறான். அந்தக் குதிரை சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளாமல் எழுந்தால், நாற்காலி இருக்கும், ஆனால் அதில் மறுபடியும் அந்த எட்டு நகர்வுகளை ஒப்பிக்கிற பிரிஜட்தான் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு அந்தப் பிரிஜட்டே அலுத்துப்போயிருந்தது.

"இல்ல, ஆடலாம்" என்றாள்.  ராணியை வெளியே அனுப்பினாள்.

அதற்குப் பிறகு நடந்தது இரண்டு மணி நேரம். ராணி எதிர் ராஜாவின் வாசலில் போய் நின்றுகொண்டது. அந்த வாசலைக் காவல் காக்க வேண்டிய ஸ்ரீநாத்தின் பிஷப்பால் இடத்தைவிட்டு நகர முடியவில்லை. வீட்டுக்குப் போன குதிரை வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. நடுவே ஒரு முறை கணக்குத் தப்பி ஒரு சிப்பாயை இழந்தாள். உள்ளங்கை வேர்த்து, பாவாடையில் துடைத்துக்கொண்டாள். கடைசியில் வேலையை முடித்தது எது என்கிறீர்கள்? அந்த வலது ஓரச் சிப்பாய்தான். ஒன்பதாம் நகர்வில் ஓடியிருந்தால் உளறலாகியிருக்கும். நடு அடைபட்டுக் கிடந்ததால் இருபத்திரண்டாம் நகர்வில் ஓடியபோது அதைத் தடுக்க ஆள் இல்லை. நாற்பத்தொன்றாம் நகர்வில் ஸ்ரீநாத் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினான்.

பிரிஜட் கையைக் குலுக்கினாள்.  மாசிலாமணி வந்து, அணிப் பட்டியலை அவள் முன்னால் வைத்து, அடுத்த சீசன் நாலாவது பலகைக்கு நேரே அவளையே பெயர் எழுதச் சொன்னார். குதிரையைப் பின்னால் கொண்டுபோனபோது உன்னைத் திட்டினேன், மனசுக்குள்தான், மன்னிச்சுக்கோ என்றும் சொன்னார். அவர் மனசுக்குள் வைத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும். பக்கத்தில் நின்ற ஸைஃப் அந்தக் குதிரை நகர்வை அடுத்த வாரம் தனக்கு விளக்கவேண்டும் என்று கேட்டான். பிரிஜட்டுக்கு அவனை மறுபடியும் பிடித்துப்போனது.

கீழே கடையில் மாசிலாமணி, ஸைஃப், ரக்ஷனா, பிரிஜட் நான்கு பேரும் தேநீரோடு உட்கார்ந்தபோது ஸ்ரீநாத் தேடிக்கொண்டு வந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை, தூக்கமில்லாத களைப்புத்தான் இருந்தது.

"ஒண்ணு கேக்கணும்க்கா. அந்த ஓரச் சிப்பாய். சொந்தப் பேர்ல, முப்பது கேம். கம்ப்யூட்டர் அது தப்புன்னு சொல்லுது. ஆனா யாராச்சும் உண்மையான ஆயுதத்த இப்படி வெளியில வைப்பாங்களா? அதுக்குப் பின்னாடி என்னமோ இருக்குன்னு ரெண்டு வாரம் தேடினேன். ஒரு நாள் லீவுகூடப் போட்டேன். ஒண்ணும் கிடைக்கல. அதான் வேற ஆட்டத்துக்கு ஓடிட்டேன். எனக்காகப் போட்ட தூண்டில்தானே அது?"

அப்போதுதான் பிரிஜட்டுக்கு விஷயம் விளங்கியது. இவன் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே ஓடியிருக்கிறான். இவ்வளவு படித்தவனால், ஒருத்தி வெறும் வெகுளித்தனத்தால் தன் ரகசியத்தைப் பெயர் போட்டு வெளியே வைப்பாள் என்று நம்பவே முடியவில்லை. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மேசைக்கு அடியில் ரக்ஷனா அவள் காலை ஓங்கி மிதித்தாள்.

வாய் மூடிக்கொண்டது. ஸ்ரீநாத் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பிவிட்டுப் போனான்.

அவன் போனதும் ரக்ஷனா செல்பேசியில் உலகம் முழுக்க ஆடிய ஆட்டங்களின் தொகுப்பைத் திறந்து, பிரிஜட்டின் ஆட்டத்தை ஒவ்வொரு நகர்வாகப் போட்டுக்கொண்டே போனாள். பத்தாவது நகர்வு வரை நாற்பத்து மூன்று பேர் அதே வழியில் போயிருந்தார்கள். பதினொன்றில் குதிரையை வீட்டுக்குத் திருப்பினாள். திரையில் ஒரு பெயரும் இல்லை.

"யாருமே ஆடலக்கா. நீங்கதான் முதல் ஆள்."

பிரிஜட் செல்பேசியை வாங்கி அந்த வெற்றுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வாரம் தேடினது கிடைக்கவில்லை, தேடாதது பதினாறு நிமிஷத்தில் கிடைத்திருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவும் இல்லை. தயவுசெய்து இதையாவது இணையத்தில் ஆடித் தொலைக்காதீர்கள் என்று ரக்ஷனா கெஞ்சினாள். சத்தியமாக மாட்டேன் என்றாள் பிரிஜட்.

சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். திங்கட்கிழமை மதியம், பூன் லே கேன்டீனில், தே ஓ கோசோங்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செல்பேசியை எடுத்தாள். குதிரையைத் தொடவே இல்லை. 'பிரிஜட் பூன் லே' என்ற அதே பெயரில் ஓர் ஆட்டம் தொடங்கி, எட்டு நகர்வுகளையும் வரிசையாக ஆடி, ஒன்பதாவதாக வலது ஓரச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். அடுத்த சீசனில் ஒன்பது அணிகள் அதைப் படிக்கப்போகின்றன, படித்துவிட்டுத் தூக்கம் கெடப்போகின்றன. இது ஃபாதரிடம் சொல்ல வேண்டிய அளவுக்குப் பாவம் இல்லை என்று முடிவுசெய்துகொண்டாள். எங்கேயோ இருந்த எதிராளி நடுவில் சிப்பாயைத் தள்ளினான், கதவு திறந்தது, நான்கே நகர்வில் அவள் கதை முடிந்தது.

அவள் தோற்றுச் சிரித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. தேநீரைச் சூடாகவே குடித்துவிட்டு, போய்ப் பஸ்ஸை எடுத்தாள்.